குழந்தையின் சொல்லை மெய்யாக்க வந்தவன்

சாயங்காலம் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடுகிறோம். 'விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்படியில் உட்காராதே' என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். ஏன் என்று கேட்டால், 'நரசிம்மர் வந்த வேளை அது. அவர் இரணியனை வதம் செய்த இடம் அது' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

பகலும் அல்லாத, இரவும் அல்லாத பிரதோஷ வேளை. உள்ளும் அல்லாத, வெளியும் அல்லாத வாசற்படி. மனிதனும் அல்லாத, மிருகமும் அல்லாத திருவுருவம். இந்த அவதாரக் கதையை எத்தனையோ உபந்யாசங்களில் கேட்டுக் கேட்டு உருகியிருக்கிறோம், இல்லையா?

ஆனால், ஒரு கேள்வி. எம்பெருமான் ஏன் தூணிலிருந்து வர வேண்டும்? கஜேந்திரன் அழைத்தபோது கருடன் மேல் ஏறி, சக்கரம் ஏந்தி விரைந்தாரே... அதைப் போல இங்கும் வந்திருக்கலாமே?

ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தம் இதற்குக் காரணம் சொல்கிறது. தம் அடியவன் சொன்ன சொல்லை மெய்யாக்குவதற்காகவே அவர் அங்கிருந்து தோன்றினாராம்! 'இந்தத் தூணில் இருக்கிறானா உன் ஹரி?' என்று தகப்பன் கேட்டான். 'இருக்கிறார்' என்றது குழந்தை. அத்தனை பெரிய சபையில் அந்த வார்த்தையை நம்ப ஒருவரும் இல்லை. அந்தச் சின்ன வாயிலிருந்து வந்த சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்று, குழந்தை கைகாட்டிய இடத்திலிருந்தே புறப்பட்டு வந்தார் பகவான்.

அன்புச் சகோதரிகளே! இந்த வாரம் நாம் பேசப்போவது படிக்கவே சங்கடமான விஷயம். பிறரால் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளைப் பற்றியது. 'இதெல்லாம் பக்திப் பத்திரிகையில் எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிரகலாதன் கதையே அதைப் பற்றியதுதான்.

அரண்மனையில் நடந்தது என்ன?

அந்தக் கதையை ஒரு வீட்டில் நடந்ததாக நினைத்துப் பாருங்கள்.

ஐந்து வயதுப் பாலகன். அவனைத் துன்புறுத்தியது யார்? காட்டிலிருந்து வந்த கள்வனா? எதிரி நாட்டு அரசனா? இல்லை, பெற்ற தகப்பன்! மடியில் தூக்கி வைத்து, 'நீ படித்ததில் நல்லதாக ஒன்றைச் சொல் கண்ணே' என்று கொஞ்சிய அதே தகப்பன். யானையை விட்டு மிதிக்கச் சொன்னான். நஞ்சுள்ள பாம்புகளை ஏவினான். மலை உச்சியிலிருந்து தள்ளச் செய்தான். உணவில் விஷம் வைத்தான். பட்டினி போட்டான்.

அரண்மனை என்றால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! காவலர்கள், பணிப்பெண்கள், அமைச்சர்கள். பாடம் சொல்லிக் கொடுத்த சண்டனும் அமர்க்கனும் சுக்கிராச்சாரியாரின் பிள்ளைகள். அவர்களை அரசன் அதட்டியபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? 'இது நாங்கள் சொல்லிக் கொடுத்தது அல்ல. எங்கள் மேல் கோபம் வேண்டாம்.' தங்களைக் காத்துக்கொண்டார்கள். குழந்தையைக் காக்க ஒருவரும் முன்வரவில்லை.

சரி... தாய் கயாது எங்கே இருந்தாள்?

கருவுற்றிருந்தபோது நாரதரின் ஆசிரமத்தில் இருந்து உபதேசம் கேட்ட புண்ணியவதி அவள். ஆனால், பிள்ளை படாத பாடு பட்டபோது அவள் என்ன செய்தாள் என்பதைப் பற்றிக் கதை சொல்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. நம் நாடக மேடைகளோ, விஷக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதறும் தாயாக அவளைக் காட்டியிருக்கின்றன. அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூவுலகையும் ஆட்டிவைத்த கணவன். எதிர்த்துப் பேச நாதி கிடையாது. பிறந்த வீட்டுக்குப் போகவும் வழி கிடையாது.

கயாதுவுக்கு இல்லாத சில வழிகள் இன்று நமக்கு இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு தாயும், ஒவ்வொரு பாட்டியும், ஒவ்வொரு அத்தையும் சித்தியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

'நம் வீட்டில் நடக்காது' என்பவர்களுக்கு...

2007-ம் ஆண்டு மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசித் தயாரித்த அறிக்கை அது. அவர்களில் 53 சதவிகிதத்துக்கும் அதிகமானோர், ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், குழந்தை நம்பியிருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

'எங்களுக்கு ஆண் பிள்ளைதான். அந்தப் பயம் இல்லை' என்று சொல்பவர்கள் உண்டு. அதே ஆய்வில், பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஆண் குழந்தைகள்! பிரகலாதனும் ஆண் பிள்ளைதானே...

முன்பின் தெரியாதவர் கொடுக்கும் சாக்லேட்டை வாங்காதே என்று சொல்லிக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால், தெரிந்தவர் தப்பாக நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. 'மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு', 'தாத்தா மடியில் போய் உட்கார்' என்று, தயங்கி நிற்கும் குழந்தையைப் பிடித்துத் தள்ளுகிறோம். அது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்களேன். கை கூப்பி ஒரு வணக்கம் சொன்னால் போதும், மரியாதை குறைந்துவிடாது. தன் உடம்பைத் தொடுவதை 'வேண்டாம்' என்று சொல்லத் தனக்கு உரிமை உண்டு என்பதைக் குழந்தை முதலில் நம் வீட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

குழந்தை எப்படிச் சொல்லும்?

பெரியவர்களைப் போல உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி குழந்தை சொல்லாது. அதற்கு அந்த வார்த்தைகளே தெரியாது. நம் வீடுகளில் நடக்கக்கூடிய ஒரு காட்சியைப் பாருங்கள்.

ஒன்பது வயதுப் பெண். மாடி வீட்டில் கணக்கு டியூஷன். சில வாரங்களாக, டியூஷனுக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்று வலி என்கிறாள். அம்மாவும் ஓமத்தண்ணீர் கொடுத்து அனுப்பி வைக்கிறாள். ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது பெண் மெல்லச் சொல்கிறாள்: "அம்மா... அந்த சார் நல்லவரே இல்லம்மா."

"பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது. பாடம் படிக்கச் சோம்பல் உனக்கு!"

முடிந்தது. குழந்தை அதன் பிறகு வாயைத் திறக்காது. அம்மா கெட்டவள் அல்ல. மரியாதை சொல்லிக் கொடுத்ததாகத்தான் நினைக்கிறாள். ஆனால், குழந்தை அன்று எவ்வளவோ துணிந்து ஒரு வார்த்தை சொன்னது. அதற்கு மேல் சொல்ல அதனிடம் தெம்பு இல்லை.

அந்த அம்மா பின்னலை நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல், "ஏன் கண்ணு அப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தால்? இரண்டு நிமிடம் மௌனமாக இருந்திருந்தால்?

வாயால் சொல்லாத குழந்தை வேறு வழிகளில் சொல்லும். நிறுத்திவிட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி வரும். தூக்கத்தில் அலறும். விளக்கை அணைக்க விடாது. குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கோ, ஒருவர் அருகிலோ போக மறுக்கும். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென மதிப்பெண் குறையும். கலகலவென்று இருந்தது ஊமையாகிவிடும். சாதுவாக இருந்தது தம்பியைப் போட்டு அடிக்கும். வயதுக்கு மீறிய விஷயங்களைப் பேசும். வளர்ந்த பிள்ளைகள் தங்களையே காயப்படுத்திக்கொள்வதும் உண்டு.

இவற்றில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு, 'இதுதான்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பள்ளி மாறினாலும், வீட்டில் சண்டை நடந்தாலும்கூடக் குழந்தை இப்படி மாறலாம். ஆனால், எதனால் இந்த மாற்றம் என்று அருகில் அமர்ந்து விசாரிக்க வேண்டியது நம் கடமை. 'யாரோ கண்ணு வெச்சுட்டாங்க' என்று மிளகாய், உப்புச் சுற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது.

சிங்கர் அசைத்த திருமுடி

ஸ்ரீரங்கம் போயிருக்கிறீர்களா? தாயார் சந்நிதிக்கு அருகே, கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றிய மண்டபம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். எதிரே மேட்டழகிய சிங்கர் சந்நிதி. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்துப் பாடியதற்குச் சபையில் இருந்த பண்டிதர்கள் ஆட்சேபம் சொன்னார்களாம். அப்போது அழகிய சிங்கர் சந்நிதியிலிருந்து சிரக்கம்பம் செய்து, அதாவது தலையை அசைத்து, ஏற்றுக்கொண்டார் என்பது ஐதிகம்.

குழந்தை வந்து சொல்லும்போது நாம் செய்ய வேண்டியதும் அதுதான். தலையசைத்துக் கேட்பது! 'அவரா? இருக்கவே இருக்காது!' என்பது நம் வாயில் முதலில் வரக் கூடாது. ஏனென்றால், இப்படி ஒரு விஷயத்தைச் சொல்லக் குழந்தைக்கு அத்தனை பயம் இருக்கும். 'வெளியே சொன்னால் அம்மாவைக் கொன்றுவிடுவேன்' என்று மிரட்டியிருப்பார்கள்; 'இது நமக்குள் ரகசியம்' என்று ஆசை காட்டியிருப்பார்கள். அதையெல்லாம் தாண்டி உங்களிடம் வந்திருக்கிறது.

அப்போது சொல்ல வேண்டியவை நான்கே வாக்கியங்கள். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

"நீ என்கிட்டே சொன்னது ரொம்ப நல்லது கண்ணா."

"நீ சொல்றதை நான் நம்பறேன்."

"இதுல உன் தப்பு எதுவுமே இல்லை."

"உன்னைப் பத்திரமாப் பார்த்துக்க வேண்டியது என் பொறுப்பு."

'ஏன் அப்பவே சொல்லலே?', 'நீ ஏன் அங்கே போனே?', 'கத்தியிருக்கலாமே!' போன்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். பயத்தில் உடம்பு விறைத்துப்போய்க் குரலே எழும்பாமல் போவது பெரியவர்களுக்கே நடக்கும். குழந்தை என்ன செய்யும், பாவம்! இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும், 'தப்பு என்னுடையது' என்ற எண்ணத்தை அதன் மனதில் ஆழமாக இறக்கிவிடும்.

அதேபோல, நடந்ததைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அப்பாவிடம் ஒரு முறை, பாட்டியிடம் ஒரு முறை, பெரியப்பாவிடம் ஒரு முறை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது அந்த வேதனையைத் திரும்பத் திரும்ப அனுபவிக்கச் செய்வதாகும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியமும் செய்து கொடுக்காதீர்கள். 'உன்னைக் காப்பாத்தறதுக்கு யாருக்குத் தெரியணுமோ, அவங்ககிட்டே மட்டும் சொல்வேன்' என்று உண்மையைச் சொல்லுங்கள்.

கோபம் யார் மேல்?

கேள்விப்பட்டதும் பெற்றவளுக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்க வேண்டியதுதான்! நரசிம்மருடைய கோபத்தைக் கண்டு மூவுலகும் நடுங்கியது. தேவர்கள் அருகே வர அஞ்சினார்கள். மகாலட்சுமித் தாயாரே தயங்கி நின்றார் என்கிறது பாகவதம்.

ஆனால், அந்தச் சபையில் பயப்படாத ஒருவன் இருந்தான். பிரகலாதன்! பிரம்மதேவர் கேட்டுக்கொள்ள, அவன் மெல்ல நடந்து போய்த் திருவடியில் விழுந்தான். இரணியனின் மார்பைப் பிளந்த அதே திருக்கரத்தை அவன் தலை மேல் மெத்தென்று வைத்தார் பகவான்.

நம் கோபமும் அப்படி இருக்க வேண்டும். நம் வீடுகளில் பல நேரம் நடப்பது என்ன? தப்பு செய்தவனிடம் காட்ட வேண்டிய கோபம் குழந்தையின் முதுகில் அறையாக விழுகிறது. 'உன்னால்தான் இத்தனை அவமானம்' என்ற சொல்லாக வருகிறது. குழந்தைக்கு முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதால், 'சொன்னதால்தான் அம்மா அழுகிறாள்' என்று அது நினைத்துக்கொள்ளும். அழுகை வந்தால் சற்றுத் தனியாகப் போய் அழுங்கள். முகம் கழுவிக்கொண்டு வந்து, குழந்தை தலையில் கை வையுங்கள்.

பக்தியின் பெயரால் செய்யக் கூடாதவை

நம் பூஜையறையிலேயே சில தவறுகள் நடந்துவிடுகின்றன. அவற்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம்.

'சாமி முன்னாடி கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணு' என்று குழந்தையைக் கேட்காதீர்கள். நம்பவில்லை என்பதைத்தான் அது காட்டும். அதோடு, குழந்தைக்குச் சாமி என்றாலே பயமாகிவிடும்.

'ஏதோ தோஷம்', 'முன் ஜன்ம வினை' என்று சொல்லாதீர்கள். வினை செய்தவன் அந்த மனிதன். பழியைக் குழந்தையின் ஜாதகத்தில் தேடுவது, அவனைத் தப்பவிடுவதாகும்.

'தீட்டுப் பட்டுவிட்டது' என்று பரிகாரம் செய்யாதீர்கள். குழந்தைக்கு எந்தத் தீட்டும் இல்லை. எந்தக் குறையும் இல்லை. அன்று இருந்த அதே குழந்தைதான். வழக்கம்போல விளக்கேற்றச் சொல்லுங்கள். பூ தொடுக்கச் சொல்லுங்கள்.

பயந்த குழந்தைக்குத் திருநீறோ, திருமண்ணோ இட்டு, பெருமாளை வேண்டிக்கொள்வதில் தவறு இல்லை. மனதுக்கு அது ஆறுதல். ஆனால், அது மருத்துவருக்கும் மனநல ஆலோசகருக்கும் மாற்று ஆகாது. 'பேய் பிடித்திருக்கிறது' என்று அடித்து ஓட்டுகிறவர்களிடம் கொண்டுபோய் நிறுத்துவதோ மகா பாவம்.

இன்னொன்று மன்னிப்பு. 'பிரகலாதனே தன் அப்பாவுக்கு நல்ல கதி வேண்டினானே, நீயும் மன்னித்துவிடு. நல்லது கெட்டதுக்கு முகத்தில் விழிக்க வேண்டாமா?' என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. கதையைச் சரியாகப் படியுங்கள். பிரகலாதன் அப்படி வேண்டியது எப்போது? துன்புறுத்திய கை முற்றிலும் ஓய்ந்த பிறகு. பகவானின் சந்நிதியில், பத்திரமாக நின்றுகொண்டு. யாரும் கட்டாயப்படுத்தாமல், தானாக! ஆபத்து விலகாதபோதே குழந்தையிடம் மன்னிப்பைக் கேட்டு வாங்குவது தர்மம் ஆகாது. அந்த மனிதன் வரும் விசேஷத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகவே வேண்டாம்.

'மானம் போய்விடுமே!'

எல்லோருக்கும் வருகிற பயம் இது. போலீஸ், கோர்ட் என்றால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே... நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணாயிற்றே...

போக்சோ சட்டம் 2012, நவம்பர் 14 முதல், அதாவது குழந்தைகள் தினத்திலிருந்து அமலில் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் அனைவருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது.

குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் பத்திரிகைகளோ தொலைக்காட்சிகளோ வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்குவது குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ நடக்கும். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வர வேண்டும். அவரும் சீருடையில் வரக் கூடாது. பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ அருகில் இருக்கலாம். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் மூடிய அறையில் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை நேரில் பார்க்க வேண்டியது இல்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. குழந்தையே கூப்பிடலாம், அக்கம்பக்கத்தில் இருக்கும் நீங்களும் கூப்பிடலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். தப்பு செய்தவர் வீட்டுத் தலைவராகவே இருந்து, கயாதுவைப் போல நீங்களும் செய்வதறியாது நின்றால், பெண்களுக்கான 181 என்ற எண்ணும் இருக்கிறது.

சம்பவம் நடந்து சில மணி நேரமோ, ஓரிரு நாட்களோதான் ஆகியிருக்கிறது என்றால், குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடைகளைத் துவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அந்த உடைகளைக் காகிதப் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதல் சிகிச்சையை இலவசமாகத் தந்தாக வேண்டும். 'முதலில் போலீஸ் புகார் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மானம் என்பது குழந்தையைக் காப்பாற்றுவதில் இருக்கிறது தோழியரே. தப்பு செய்தவனைக் காப்பாற்றி வைக்கும் வீட்டில் அது தங்காது. அவனை விட்டுவிட்டால், நாளை அவன் கை இன்னொரு வீட்டுக் குழந்தையையும் தேடும்.

மெல்ல மெல்லக் குளிரும்

சிம்மாசலத்துப் பெருமாளைத் தரிசித்திருப்பீர்கள். விசாகப்பட்டினத்துக்கு அருகே மலை மேல் இருக்கும் வராக லட்சுமி நரசிம்மர். உக்கிரம் தணிய ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே இருக்கிறார். அட்சய திருதியை அன்று மட்டும் சந்தனத்தைக் களைந்து நிஜரூப தரிசனம். பிறகு மறுபடியும் சந்தனம். அதையும் ஒரேயடியாகப் பூசிவிடுவதில்லை. அடுத்தடுத்து வரும் பௌர்ணமிகளிலும் தவணை தவணையாகச் சாத்துகிறார்கள்.

குழந்தையின் மனக் காயமும் அப்படித்தான். 'டாக்டரிடம் ஒரு தடவை காட்டியாச்சு, சரியாப் போச்சு' என்று இருந்துவிட முடியாது. நன்றாகச் சிரித்து விளையாடும் குழந்தை, திடீரென ஒரு வாசனையிலோ, ஒரு குரலிலோ பழையதை நினைத்து நடுங்கும். 'இன்னுமா அதை நினைச்சுக்கிட்டிருக்கே?' என்று கேட்காதீர்கள். "இப்போ நீ நம்ம வீட்லே இருக்கே. அம்மா பக்கத்துலே இருக்கேன்" என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

குழந்தை மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ அவர் சொல்லும் காலம் வரை தொடர்ந்து பாருங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

மற்றதெல்லாம் நீங்கள் தினமும் செய்பவைதான். அந்தந்த வேளைக்குச் சாப்பாடு. ஒரே நேரத்தில் தூக்கம். 'நாலு மணிக்கு வருவேன்' என்றால் நாலு மணிக்கு வந்து நிற்பது. விளையாட்டு, பள்ளிக்கூடம், சிநேகிதிகள் எதையும் நிறுத்தாமல் இருப்பது. கோலத்துக்கு எந்த நிறம், சாமிக்கு எந்தப் பூ என்று சின்னச் சின்ன முடிவுகளைக் குழந்தையிடமே விடுவது. தன் விருப்பம் இல்லாமல் எல்லாம் நடந்துபோன குழந்தைக்கு, 'நான் சொன்னால் கேட்கிறார்கள்' என்ற எண்ணம் பெரிய மருந்து. நம்பிக் கேட்க ஒரே ஒரு பெரியவர் கூடவே இருந்தாலும், குழந்தை மெல்ல மீண்டு வருவதற்கு அது பெரிய பலம்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் சிலருக்குத் தொண்டை அடைத்திருக்கலாம். முப்பது, நாற்பது வருடத்துக்கு முன் யாரிடமும் சொல்ல முடியாமல் விழுங்கிய ஒன்று உங்களுக்குள்ளும் இருக்கலாம். அந்தச் சிறுமிக்கும் அதே நான்கு வாக்கியங்கள்தான் அம்மா. தப்பு உங்களுடையது அல்ல. இப்போதும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லலாம். மேலே சொன்ன எண்ணில் நீங்களும் பேசலாம்.

சுவாதியில் ஒரு வேண்டுதல்

ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது அகோபிலம். திருமங்கையாழ்வார் பாடிய சிங்கவேள்குன்றம். மலை மேலே உக்கிர ஸ்தம்பம். அந்தத் தூண் பிளந்த இடம் அதுதான் என்கிறார்கள். மலை அடிவாரத்தில் பெருமாளுக்குப் பிரகலாத வரதன் என்று திருநாமம். தம்மைச் சொல்லும்போதே அந்தக் குழந்தையின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வைத்துவிட்டார் பாருங்கள்!

நரசிம்மருக்கு உகந்தது சுவாதி நட்சத்திரம். அடுத்து வரும் சுவாதியன்று சாயங்காலம் விளக்கேற்றி, வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டுப் பானகம் கரைத்து நைவேத்தியம் செய்யுங்கள். முதல் டம்ளரைக் குழந்தைக்குக் கொடுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். பிரகலாதன் கதையைச் சொல்லுங்கள். 'பெரியவங்க யாராவது தப்பா நடந்தா என்கிட்டே சொல்லு. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, நான் உன்னைத் திட்ட மாட்டேன்' என்று சொல்லி முடியுங்கள். அன்றைக்கே எதுவும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த சுவாதியிலும் சொல்லுங்கள்.

என்றாவது ஒருநாள் சொல்ல வேண்டிய நிலை வந்தால், உங்களிடம் வரலாம் என்று அதற்குத் தெரிந்திருக்கும். எந்தக் குழந்தைக்கும் அந்த நிலை வராமல் பிரகலாத வரதன் காக்கட்டும்!